ஞ எழுத்துக்குத் தீட்டிய உளி

கல்குடாவில் விடுதி நடத்தும் ஒரு பெண்மணி சென்ற மாதம் எங்கள் கடைக்கு வந்திருந்தார். கையில் ஒரு பெட்டி. இணையத்தில் பார்த்து வாங்கியதாம். திறந்தால் உள்ளே சதுர உளி, தட்டை உளி, உருண்டை உளி, கத்தி போல ஒன்று என்று பெரிய கூட்டமே படுத்திருந்தது. வெள்ளி வளையல்களில் தன் கையாலேயே பெயர் செதுக்கப் பழக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"இதில எதை முதல்ல எடுக்கிற?" என்று கேட்டார்.

நான் ஓய்வுபெற்றுவிட்டவள். அன்று சும்மா எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் என் பக்கம் கையைக் காட்டினார்கள். "சதுர உளி ஒண்டை எடுங்க. மற்றதெல்லாத்தையும் மூடி வைங்க" என்றேன். அவருடைய முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு பெரிய பெட்டியில் ஒன்றுதானா என்ற ஏமாற்றம். அவர் போன பிறகு கடைக்காரர்கள் என்னை விடவில்லை. ஏன் ஒன்று, அதை எப்படித் தீட்டுவது, அந்த ஒன்று போதாமல் போன நாளில் என்ன நடந்தது என்பதையெல்லாம் எழுதித் தந்தால்தான் ஆயிற்று என்று பிடித்துக்கொண்டார்கள்.

என் பெயர் சித்தி ஜெசீமா. ஊர் ஏறாவூர். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியபோது எனக்கு முப்பத்தைந்து வயது நெருங்கியிருந்தது. மட்டக்களப்பு நகரத்தில், பித்தளையிலும் வெள்ளியிலும் எழுத்து வெட்டும் கடையொன்றில் மினுக்கும் வேலை கிடைத்தது. பரிசுக் கோப்பைகள், பெயர்ப்பலகைகள், மோதிரங்கள், கோயில் மணிகள் எல்லாம் வரும். வெட்டி முடிந்த சாமானைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பது என் பொறுப்பு.

கடை, போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கியர் குடும்பத்துடையது. பெரியவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் அவருடைய மகள் ரொசலின் மேசையில் உட்கார்ந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். நான் அவரை மிஸ் என்பேன். அவர் என்னை, எங்கள் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைப்பதுபோல, ராத்தா என்பார். பார்த்தால் சின்னப் பெண். ஆனால் உளியைக் கையில் எடுத்துவிட்டால் கடையில் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள்.

அங்கே வேலை செய்த மற்றச் செதுக்குகாரர் கட்டாருக்குப் போய்விட்டார். அவருடைய மேசை வெறுமனே கிடந்தது. நான் அதைத் துடைக்கும்போதெல்லாம் அதன் முன்னால் ஆளில்லாமல் கிடந்த கதிரையைப் பார்ப்பேன். குவைத்தில் இருந்த காலம் முழுவதும் பிறருடைய வீட்டைத்தான் துடைத்தேன். இங்கே வந்து பிறருடைய எழுத்தைத் துடைக்கிறேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"மிஸ், அந்த மேசையில என்னை ஒருக்கா இருத்திப் பாருங்களன்."

"அப்ப மினுக்கிறது ஆரு?"

"அதையும் நானே செய்வன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். பிறகு ஒரு தகர டப்பாவை என் பக்கம் தள்ளி, "ஒண்டு எடுங்க" என்றார்.

டப்பாவுக்குள் பல உளிகள் கிடந்தன. நான் எல்லாவற்றிலும் நீளமானதை, மினுக்கமானதை எடுத்தேன். ரொசலின் அதை வாங்கி, உருண்டைப் பிடியை என் உள்ளங்கைக் குழியில் பொருத்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். உளியின் முனை சுட்டுவிரலையும் தாண்டி எங்கேயோ போய் நின்றது.

"இது உங்கட கைக்கு வாள்" என்றார்.

பிடியைக் கழற்றினார். உளியின் வால் பக்கத்தை இடுக்கியில் இறுக்கி, மேலே ஒரு சீலைத்துண்டைப் போட்டுச் சுத்தியலால் ஒரே அடி. வால் ஒடிந்து விழுந்தது.

"அல்லாஹ், புதுசு மிஸ்!"

"புதுசுதான். அளவில்லாத புதுசு."

மிச்சத்தில் பிடியை மாட்டி மறுபடியும் என் கையில் வைத்தார். இப்போது பெருவிரலுக்கு முன்னால் ஒரு நகத்தளவு முனைதான் நீட்டிக்கொண்டிருந்தது. பிடியின் அடிப்பக்கத்தையும் அரத்தால் தட்டையாக ராவினார். அப்போதுதான் கை தகட்டோடு தாழப் படுக்கும். கை தாழ்ந்து படுத்தால்தான் பெருவிரலைத் தகட்டில் ஊன்றி, முனை வழுக்கி ஓடும்போது பிடித்து நிறுத்தலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எந்த உளி நல்லது என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள். உங்கள் கையில் வைத்துப் பாருங்கள். நீளம் கூடினால் ஒடிக்கப் பயப்படாதீர்கள். வடிவத்தில் சதுரம் போதும். மெல்லிய கோடும் அதிலேயே வரும், கொஞ்சம் அழுத்தினால் தடித்த கோடும் அதிலேயே வரும். ஓர் உளியின் குணம் கைக்குப் பிடிபடாமல் இன்னொன்றைத் தொட்டால் இரண்டும் பிடிபடாது.

ஆனால் உளி கிடைத்ததும் வெட்டலாம் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் இல்லை. மாதக்கணக்கில் தீட்டல் மட்டும்தான். எண்ணெய்க்கல்லில் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, உளியின் சாய்ந்த முகத்தைக் கல்லில் படியவைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, கை முழுவதையும் ஒன்றாக நகர்த்த வேண்டும். மணிக்கட்டு கொஞ்சம் ஆடினாலும் முகம் வீங்கிவிடும். வீங்கின முகம் வெட்டாது, உழும்.

தீட்டி முடித்ததும் முனையை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்போம். முனையில் வெள்ளைப் புள்ளியாக ஒளி தெரிந்தால் அது இன்னும் மழுங்கல். ஒன்றும் தெரியாமல் இருட்டாக முடிந்தால் கூர். பிறகு பெருவிரல் நகத்தில் மெதுவாக வைத்துப் பார்ப்போம். வழுக்கினால் திரும்பவும் கல்லுக்கு. தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றால் சரி.

ரொசலின் மிஸ் ஒரு நாளும் ஏசியதில்லை. நான் தீட்டியதை எடுப்பார், யன்னலுக்கு நேரே பார்ப்பார், ஒரு சொல்லும் இல்லாமல் கீழே வைப்பார். கல்லின் மேல் வைத்தால் மறுபடியும் தீட்ட வேண்டும். தோல் மெத்தையின் மேல் வைத்தால் வெட்டலாம். நாள் போகப்போக அவருடைய கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஏசியிருந்தாலாவது நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். கடைசியில் ஒரு வியாழக்கிழமை உளி தோல் மெத்தையில் போய்ப் படுத்தது. நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

அதன் பிறகு கோப்பைகளில் வருடமும் பாடசாலைப் பெயரும் வெட்டினேன். பெரும்பாலும் ஆங்கில எழுத்து. நேர்கோடு, சாய்கோடு, அங்கங்கே ஒரு பெரிய வளைவு. கை ஓரளவு ஓடத் தொடங்கிய வேளையில்தான் பழுகாமத்து விளக்கு வந்தது.

பழுகாமத்தில் வயல் வேலை செய்யும் பெண்கள் சங்கமொன்று சேர்ந்து, தங்கள் கோயிலுக்கு ஆளுயரப் பித்தளைக் குத்துவிளக்கு வாங்கியிருந்தார்கள். சங்கத் தலைவி தங்கேஸ்வரி. ஐம்பதைத் தாண்டியவர், வெற்றிலைச் சிவப்பு வாய், அதட்டலான குரல். விளக்கின் பாதத்தைச் சுற்றி அந்தப் பெண்கள் அத்தனை பேருடைய பெயரும் வர வேண்டும் என்றார்.

"கோயில்ல இரிக்கிற சாமானெல்லாத்திலயும் ஆம்புளையள்ட பேர்தான் கிடக்கு. வயல் வட்டைக்குள்ள நாங்களும்தானே நிண்டம்? இதில எங்கட பேர் மட்டும்."

பெயர் அதிகம், இடம் குறைவு. எழுத்து ஒரு நெல்மணி நீளத்துக்கு மேல் போகக் கூடாது. ரொசலின் மாதிரிக்கு ஒரு பித்தளைத் தகட்டில் முதல் பெயரை வெட்டிக் காட்டினார். ஞானம்மா.

தங்கேஸ்வரி அக்கா தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எதையும் ஒளிக்கிற ஆள் அல்ல அவர்.

"புள்ள, கோவிக்காத. எழுத்துக்குப் பக்கத்தில நிழல் விழுந்து கிடக்கு. அழுக்குப் புடிச்ச மாதிரி. இதை ஆரும் வாசிப்பாங்களா?"

உண்மைதான். ஞ எழுத்தின் ஒவ்வொரு சுழியையும் ஒட்டி மங்கலாக ஓர் உரசல். ரொசலின் திரும்ப வெட்டினார். திரும்பவும் அதே உரசல். உளியை மாற்றினார், புதிதாகத் தீட்டினார், மெதுவாக வெட்டினார். சுழி வந்ததும் நிழலும் வந்தது. பெரிய எழுத்தில் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. இவ்வளவு சின்ன எழுத்தில் தமிழ் வெட்டச் சொல்லி அதுவரை ஒருவரும் கேட்டதுமில்லை.

"கும்பாபிஷேகத்துக்கு விளக்கு நிக்கணும். அடுத்த கிழமை வாறன். சரிவராட்டி கொழும்புக்குத்தான் கொண்டுபோகணும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

ரொசலின் உளியைத் துடைத்து டப்பாவில் போட்டார். தகட்டை மேசையில் குப்புற வைத்துவிட்டு உள்ளே போனார். அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. அவருடைய அப்பா அந்த ஊரில் எத்தனையோ வருடம் பேர் எடுத்த செதுக்குகாரர். மகள் எடுத்த முதல் பெரிய வேலை திரும்பிப் போகப் போகிறது.

மினுக்கும் சாட்டில் அந்தத் தகட்டை எடுத்தேன். பூதக்கண்ணாடியை வைத்து ஞ எழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நேர்கோடுகளில் உரசலே இல்லை. சுழிகளில் மட்டும் இருந்தது. அதிலும் சுழியின் உட்பக்கத்தில் இல்லை, வெளிப்பக்கத்தில் மட்டும். முனை கீறிய காயம் என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். அப்படியானால் தேய்த்தது முனை இல்லை. முனைக்குப் பின்னால் வருகிற ஏதோ ஒன்று.

உளியின் அடியில், முனையை ஒட்டிச் சின்னதாக ஒரு சரிவு தீட்டியிருப்போம். அதைக் குதி என்போம். பிடி தகட்டில் இடிக்காமல் உயர்ந்து நிற்பதற்காக அது. பெரியவர் வகுத்த அளவில் எங்கள் கடை உளிகளுக்கெல்லாம் குதி நீளம். நேர்கோட்டில் அது தண்டவாளத்தில் போவது போலப் போகும். ஆனால் சுழியில்? வாவியில் நீளமான தோணியை ஒடுக்கமான இடத்தில் திருப்பியவர்களுக்குத் தெரியும். முன்பக்கம் திரும்பிவிடும், பின்பக்கம் வெளியே வீசிப் போய்க் கண்டல் வேரில் உரசும். எங்கள் குதியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

ரொசலினைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மிஸ், குதி கூட நீளம். கட்டையாக்கினா உரசாது."

"கட்டைக் குதி உள்ளுக்கு இறங்கிப் புடிச்சிரும் ராத்தா. முனை ஒடியும். டடா எப்பவும் சொல்லுவார்."

"நேர்க்கோட்டில புடிக்கும். சுழியில?"

அப்பாவைத்தான் டடா என்பார் ரொசலின். தகட்டை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு, "டடாட உளியில கை வைக்க ஏலாது. வேற உளி இருந்தா செஞ்சு பாருங்க" என்றார்.

வேறு சதுர உளி இல்லை. சண்டையால் பாதை திறப்பதும் மூடுவதுமாக இருந்த காலம். கொழும்பிலிருந்து சாமான் வருவது நிச்சயமில்லை. அன்று பின்னேரம் பஸ்ஸால் இறங்கி நேரே ஏறாவூர்ப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். குவியலுக்குள் கிண்டி, தேய்ந்துபோன சின்னச் சதுர அரம் ஒன்றை எடுத்தேன். அரத்தின் இரும்பு உளிக்கு ஆகும் என்பதை ரொசலினே ஒருமுறை சொல்லியிருந்தார்.

மறுநாள் சாணைச் சில்லில் அதன் பற்களைத் தேய்த்து எடுத்தேன். சூடேறி நீலம் பாய்ந்தால் இரும்பு செத்துப்போகும். அதனால் தொட்டுத் தொட்டுத் தண்ணீரில் முக்கினேன். முகம் தீட்டி, குதியைக் கட்டையாக வைத்து, தகட்டில் வைத்து அழுத்தினேன். டிக் என்றது. முனை பறந்துபோய் எங்கேயோ விழுந்தது.

ரொசலின் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தார். நான் சொன்னேன் தானே என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அரம் அப்பிடித்தான். கண்ணாடி மாதிரி. கொஞ்சம் இளக்கணும்" என்றபடி ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினார். தேய்த்து வெள்ளையாக்கிய இரும்பின் பின்பக்கத்தை நெருப்பில் பிடித்தார். "முனையில நெருப்பு படக் கூடா. சூடு தானா நடந்து வரும். வைக்கோல் நிறம் வந்தோட நிப்பாட்டணும். பாருங்க, பாருங்க..."

வெள்ளை இரும்பில் மெல்ல மஞ்சள் ஏறி முனைவரை ஊர்ந்து வந்தது. அறுவடை முடிந்த வயலில் கிடக்கிற வைக்கோலின் அதே நிறம். "இப்ப!" என்றார். தண்ணீரில் முக்கினேன்.

மறுபடி தீட்டினேன். ரொசலின் அதை எடுத்து யன்னலுக்கு நேரே பார்த்துவிட்டு, கல்லிலும் வைக்கவில்லை, தோல் மெத்தையிலும் வைக்கவில்லை. என் கையிலேயே தந்தார்.

"வெட்டுங்க."

நேர்கோடுகளைப் பெரியவரின் நீளக் குதி உளியால் வெட்டினேன். சுழி வந்ததும் அதை வைத்துவிட்டு அரத்து உளியை எடுத்தேன். வலது கையால் அழுத்தியபடி, இடது கையால் மணல் நிரப்பிய தோல் பையின் மேல் தகட்டைச் சுழற்றினேன். வளைவில் உளியைத் திருப்பக் கூடாது, தகட்டைத்தான் திருப்ப வேண்டும். பித்தளை மயிரிழை போலச் சுருண்டு எழுந்தது. ஊதிவிட்டுப் பார்த்தேன். சுழிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே வெளிச்சம். உரசலே இல்லை.

ரொசலின் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "ராத்தா, விளக்கை நீங்கதான் வெட்டுறீங்க."

"மிஸ், நானா?"

"சுழி ஓடுற கை உங்கட கை. எனக்கு இதைப் பழக நாள் வேணும். விளக்குக்கு நாள் இல்ல."

விளக்கைக் கழற்றினோம். பாதம் மட்டுமே ஒரு குழந்தை கனம். தகட்டைப் போல அதை ஒரு கையால் சுழற்ற முடியாது. சலூன்காரர் கழித்துவிட்ட சுழல் முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து, அதன் மேல் மணல் பையை வைத்து, பையின் மேல் பாதத்தை ஏற்றினோம். நான் உளியைப் பிடித்தேன். எதிரே நிலத்தில் குந்தியிருந்து முக்காலியைச் சுழற்றியவர் ரொசலின் மிஸ்.

"மெதுவா மிஸ்... இன்னும்... நில்லுங்க. இப்ப கொஞ்சம் பின்னுக்கு."

முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. முதலாளிக்குக் கட்டளை போடுகிறேனே என்று. இரண்டு மூன்று பெயர் போனதும் கூச்சமும் போய்விட்டது. நான் மூச்சை இழுத்தால் அவர் சுழற்றினார், விட்டால் நிறுத்தினார். புவனேஸ்வரி, கண்ணம்மா, பூரணம், இராசாத்தி என்று பெயர்கள் பாதத்தைச் சுற்றி ஓடின. பெரியவர் உள்ளறையிலிருந்து தடியை ஊன்றிக்கொண்டு வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். அரத்து உளியை ஒருமுறை கேட்டு வாங்கி, நடுங்கும் கையால் அதன் குதியைத் தடவிப் பார்த்தார். பிறகு மகளிடம், "எனக்கும் ஒண்டு இப்பிடிச் செஞ்சு வையி" என்றார். அவரால் இனி வெட்ட முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் ரொசலின் செய்து வைத்தார். அன்றிலிருந்து எங்கள் கடையில் எந்த மேசையிலும் இரண்டு சதுர உளிகள் இருக்கும். நீளக் குதி ஒன்று, கட்டைக் குதி ஒன்று.

சொன்னபடி தங்கேஸ்வரி அக்கா வந்தார். தனியாக வரவில்லை. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இழுத்து வந்த ஒரு பெட்டி நிறையப் பெண்கள். கடைக்குள் இடம் போதாமல் வாசலிலும் நின்றார்கள். விளக்கை முழுதாகப் பூட்டி நடுவில் நிறுத்தியிருந்தோம். அக்கா குனிந்து, பாதத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். ஞ எழுத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். அவர் நிமிர்ந்து வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார்:

"ஞானம்மாக்கா! உள்ளுக்கு வாகா! உன்ட பேரப் பாரன், முத்து மாதிரிக் கிடக்கு!"

அதன் பிறகு கடை கடையாக இல்லை. ஒவ்வொருத்தியும் தன் பெயரைத் தேடிக் குனிந்தாள். கண்டுபிடித்தவள் மற்றவளுக்குக் காட்டினாள். இந்தச் சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

"ஆரு புள்ள வெட்டின?" என்று அக்கா ரொசலினைக் கேட்டார்.

ரொசலின் என்னைக் காட்டினார். அக்கா என் முக்காட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"அப்ப உங்கட பேர் எங்க தங்கச்சி?"

"என்ட பேரா? கோயில் விளக்கில எனக்கென்ன பேர் அக்கா?"

"எங்கட விளக்கில வேலை செஞ்ச பொம்புளைட பேர் இல்லாம நான் கொண்டுபோக மாட்டன். மேல இடமில்லாட்டி அடியில வெட்டுங்க."

விளக்கைச் சரித்துப் படுக்க வைத்தார்கள். நான்கு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். மற்றப் பெயர்களையெல்லாம் வெள்ளைப்பூச்சின் மேல் ஊசியால் வரைந்த பிறகுதான் வெட்டினேன். என் பெயரை வரையவில்லை. ஜ எழுத்தில் எத்தனை சுழி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். உளியை வைத்தேன். "சுத்துங்க" என்றேன். பெண்கள் விளக்கையே திருப்பினார்கள். பித்தளை சுருண்டு சுருண்டு எழுந்தது. ஜெசீமா. முடிந்ததும் யாரோ அதை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார்கள்.

வெளியே லான்ட்மாஸ்டர்காரர் ஹோர்ன் அடித்தார். கும்பாபிஷேக வேலை கிடக்கிறது, ஏறுங்கள் என்று சத்தம் போட்டார். நான் உளியைத் துடைத்து எழும்பப் போனேன்.

"இரிங்க, இரிங்க" என்று தங்கேஸ்வரி அக்கா என் தோளை அமுக்கினார். "எந்த ஊர் நீங்க?"

"ஏறாவூர்."

"அதையும் போடுங்க. இடம் கிடக்குத்தானே?"

இடம் இருந்தது. ஹோர்ன் மறுபடியும் அடித்தது. ஒருத்தியும் விளக்கைவிட்டுக் கை எடுக்கவில்லை. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கும்வரை லான்ட்மாஸ்டர்காரர் அடித்துக்கொண்டே இருந்தார்.